நீர்வழி நடை: ஊரார் கூடிக் குளமும் கிணறும் காக்கும் முறை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மழையைத் தடுத்து நிறுத்தும் மலையும் இல்லை. ஆயினும் இம்மண்ணில் நெல்லும் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் கத்தரியும் பல தலைமுறைகளாகச் செழித்து விளைந்து வந்துள்ளன. இதற்குக் காரணம் யாவரும் அறிந்ததே. மாரியிற் பெய்யும் மழை நிலத்தின் கீழுள்ள சுண்ணக்கல்லிற் சென்று தங்கி, கோடையிற் கிணற்றின் வழியாக மீண்டும் கமக்காரரின் கைக்கு வருகின்றது.

எனினும் ஒரு கிணற்றில் ஊறும் நீர் அக்கிணறு உள்ள காணியில் மட்டும் விழுந்த மழையன்று. அது அயற்காணிகளில் விழுந்து, வயல்களிற் பரந்து, வாய்க்கால் வழியே குளத்தை அடைந்து, அங்கு சில மாதங்கள் நின்று, மெல்ல மெல்ல நிலத்துள் இறங்கி வந்த நீர். தம் கிணற்றுக்கு நீர் வரும் இவ்வழியைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடந்து கண்டவர்கள் இன்று ஊரில் மிகச் சிலரே. காணாத வழி அடைபடும்போது அதனை அறிபவரும் இல்லை. ஆகவே ஆண்டுக்கு இருமுறை ஊரார் ஒன்றுகூடி இவ்வழியை நடந்து காண்பது பெரும் பயனைத் தரும். இதனையே நீர்வழி நடை என்கிறோம். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. இரண்டு காலைப் பொழுதுகளும் ஒரு குறிப்புப் புத்தகமுமே போதும்.

நன்னீர் நிற்கும் வகை

குடாநாட்டின் அடியில் உள்ள சுண்ணக்கல் துளைகளும் வெடிப்புகளும் நிறைந்தது. இக்கல்லிற் புகுந்த மழைநீர், கடலிலிருந்து உட்புகுந்து நிற்கும் உவர்நீரின் மேல் மிதக்கின்றது. நன்னீர் பாரம் குறைந்தது. உவர்நீர் பாரம் கூடியது. எனவே எண்ணெய் நீரின் மேல் நிற்பது போல நன்னீர் மேலே நிற்கின்றது. புத்தூருக்கு அண்மையில் உள்ள நிலாவரைக் கிணற்றில் இதனைத் தெளிவாக அறியலாம். அங்கு மேல்மட்டத்து நீர் நன்னீராகவும், ஆழம் செல்லச் செல்ல உவராகவும் உள்ளது.

கடல் சூழ்ந்த நிலங்களில் இவ்விரு நீர்களுக்கும் இடையில் உள்ள கணக்கை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஒல்லாந்து நாட்டறிஞர் ஒருவரும் ஜேர்மன் நாட்டறிஞர் ஒருவரும் தனித்தனியே கண்டறிந்தனர். அக்கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழ் ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும். இதனை மறுபுறமாகப் பார்த்தால் அச்சம் தோன்றும். மிகையாக இறைத்து நீர்மட்டத்தை ஓரடி தாழ்த்தி, அந்நிலை நீடிக்குமாயின், கீழுள்ள உவர்நீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி மேலெழ இடமுண்டு. கண்ணுக்குத் தெரியும் இழப்பு ஓரடி. தெரியாத இழப்பு அதனிலும் பன்மடங்கு.

துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதர் களைத்தவுடன் இறைப்பு நின்றது. கிணறும் ஊற அவகாசம் கிடைத்தது. இறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. ஆதலால் இறைப்பிற் சிக்கனம் ஒருபுறம் வேண்டும். மழைநீரை நிலத்துள் இறக்குவதில் ஊக்கம் மறுபுறம் வேண்டும்.

இம்மழை சிறிதன்று. குடாநாட்டில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர், அதாவது 50 அங்குல மழை பெய்கின்றது. அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றினால் வருவது. ஓர் ஏக்கர் 16 பரப்புக் கொண்டது. ஒரு பரப்புக் காணியில் ஓர் அங்குல மழை பெய்தால் விழும் நீர் 6,400 லீற்றர். ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால் ஒரு பரப்பில் மூன்று இலட்சம் லீற்றருக்கு மேல் விழுகின்றது. இதில் எவ்வளவு கிணற்றுக்குச் சேர்கின்றது, எவ்வளவு கடலுக்கு ஓடி வீணாகின்றது என்பதை வாய்க்காலும் குளமுமே தீர்மானிக்கின்றன.

குளங்களின் நிலை

குடாநாட்டில் ஏறத்தாழ ஆயிரம் சிறு குளங்கள் உள்ளன. இவற்றிற் பல மிகச் சிறியவை. நீர்ப்பாசனத்துக்கென அன்றி, மழைநீரைத் தேக்கி நிலத்துள் இறக்குவதற்கும், கால்நடைகள் நீர் அருந்துவதற்கும் முன்னோர் இவற்றை வெட்டினர். குளக்கரையில் மாடுகள் உடலை உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல் நாட்டினர். வழிப்போக்கர் சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கி கட்டினர். கோடையில் ஊரார் கூடிக் குளத்து வண்டலை வெட்டித் தத்தம் வயலுக்கும் தோட்டத்துக்கும் ஏற்றிச் சென்றனர். குளம் ஆழமானது, நிலமும் வளமானது. ஒரே வேலையில் இரு பயன் கிடைத்தது.

செயற்கைப் பசளை எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும் வண்டல் அள்ளும் வழக்கம் குறைந்தது. 2009ஆம் ஆண்டுவரை நீடித்த போரினாலும் இடப்பெயர்வுகளினாலும் பல ஊர்களில் குளங்களையும் வாய்க்கால்களையும் பராமரிப்பார் இலராயினர். மக்கள் மீண்டு வந்தபோது வாய்க்கால் சென்ற வழியை அறிந்த முதியோர் பலர் உயிரோடு இல்லை. சில இடங்களில் வாய்க்காலின் மேல் மதில் எழுந்தது. சில இடங்களில் வீதி உயர்த்தப்பட்டபோது மதகு மண்ணுட் புதைந்தது. சில குளங்கள் குப்பை கொட்டும் இடமாயின. நகரத்திலும் இந்நிலையே இருந்தது. யாழ்ப்பாண நகரின் ஆரியகுளம் 2021ஆம் ஆண்டிற் புனரமைக்கப்பட்டபோது, பாழடைந்த குளமும் மீளக்கூடியதே என்பதை மக்கள் நேரிற் கண்டனர்.

அடைப்பவர் ஒருவர், இழப்பவர் வேறொருவர்

சட்டமும் அறிவுரையும் இருந்தும் நீர்வழிகள் ஏன் அடைபடுகின்றன? இதன் காரணத்தை நன்கு உணர்தல் வேண்டும். மேட்டில் ஒருவரும், நடுவில் ஒருவரும், பள்ளத்திற் குளத்தருகே ஒருவருமாக மூன்று கமக்காரர்கள் இருப்பதாகக் கொள்வோம். நடுவில் உள்ளவர் தம் காணியூடாகச் செல்லும் வாய்க்காலை மண்ணிட்டு நிரவி, அவ்விடத்தில் இரண்டு பாத்தி மிளகாய் கூடுதலாக நடுகின்றார். அவ்வாண்டில் அவர் கிணற்றுக்கு எக்குறையும் நேராது. மேட்டுக் காணிக்காரரின் வயலில் மழைநீர் தேங்கி நெல் அழுகும். பள்ளத்தில் உள்ள குளம் அரைவாசி கூட நிரம்பாது. குளத்தருகே உள்ளவரின் கிணறு இரண்டு மூன்று கோடைகள் கழித்து உவர்க்கத் தொடங்கும். அப்போது, அந்த இரண்டு பாத்தி மிளகாய்க்கும் தம் கிணற்று உவருக்கும் தொடர்புண்டு என்பது அவருக்கும் தெரியாது, அடைத்தவருக்கும் தெரியாது.

அடைத்தவர் தீயவர் அல்லர். அவர் தம் செயலின் விளைவைக் கண்ணாற் கண்டதில்லை, அவ்வளவே. மூவரும் ஒரே காலையில் அவ்வழியே சேர்ந்து நடப்பார்களாயின், யாரும் யாரையும் குற்றஞ்சாட்ட வேண்டிய தேவை எழாது. மேட்டு வயலில் நீர் தேங்கிய அடையாளமும், மண் நிரவிய இடமும், வெறுமையான குளமும் ஒரு மணி நேரத்துள் கண்முன்னே வரும். முறைப்பாட்டுக் கடிதம் செய்யாததை இந்நடை செய்யும்.

வழுக்கையாறு காட்டும் பாடம்

வலிகாமத்தின் வழுக்கையாறு இதற்குத் தக்க உதாரணம். இது மாரியில் மட்டும் ஓடும் நீர்வழி. தெல்லிப்பழை, அளவெட்டிப் பகுதிகளிற் சேரும் வெள்ளத்தை ஏற்று, கந்தரோடை, சண்டிலிப்பாய்ப் பகுதிகளின் வயல்களையும் குளங்களையும் தொட்டு, அராலியிற் கடனீரேரியை அடைகின்றது. கோடையில் இதனைக் காண்பவர் ஆறு என்று எண்ணார். புல் முளைத்த பள்ளம் என்றே எண்ணுவர். அவ்வாறு எண்ணுவதாலேயே அதனுட் குப்பை விழுகின்றது. ஆனால் கார்த்திகைப் பெருமழையில் அப்பள்ளமே பல ஊர்களின் வெள்ளத்தை வாங்கிக் குளங்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றது. குடாநாட்டின் பழமை வாய்ந்த குடியிருப்புகளுள் ஒன்றாகிய கந்தரோடை இந்நீர்வழியின் அயலில் அமைந்திருப்பது தற்செயலாகாது.

இந்நீர்வழி ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று. மேலூரார் எறிந்த பொலித்தீன் பை கீழூரின் மதகை அடைக்கும். ஆதலால் வழுக்கையாற்றை அண்டிய ஊர்களில் ஒவ்வோர் ஊரும் தன் எல்லைக்குட்பட்ட பகுதியை நடந்து முடித்து, எல்லையில் அடுத்த ஊராரைச் சந்தித்துக் குறிப்பைக் கைமாற்றிக்கொள்ளுதல் நன்று.

கடல்நீர் உட்புகுவதைத் தடுப்பதற்கு அரசாங்கமும் முயன்றதுண்டு. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் எடுத்துரைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டம், கடனீரேரிகளை நன்னீராக்கி நிலத்தடி நீரைப் பெருக்கும் நோக்குடையது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உள்ள தடுப்பணைகள் அந்நோக்குடன் தொடர்புடையவை. ஆயினும் பெருந்திட்டம் எதுவும் ஊர் வாய்க்காலுக்கு ஈடாகாது. அணை கடலை மறிக்கும். மழைநீரைக் குளத்துக்குக் கொண்டுவருவது வாய்க்காலே.

நடைக்குரிய காலமும் சேர வேண்டியோரும்

முதலாவது நடையை ஆவணி இறுதியில் அல்லது புரட்டாதியில் நடத்த வேண்டும். அப்போது வாய்க்கால்கள் வறண்டிருக்கும். அடைப்புகள் தெளிவாகத் தெரியும். மழைக்கு முன் திருத்தவும் நாட்கள் கிடைக்கும். இரண்டாவது நடையைத் தை மாதத்தில் நடத்தலாம். அப்போது குளங்கள் நிரம்பியிருக்கும், செய்த வேலையின் பயனை அளந்தறியலாம், பறவைகளையும் காணலாம்.

காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் ஒன்பது மணிக்குள் இரண்டு மைல் தூரத்தை ஆறுதலாகப் பார்த்து முடிக்கலாம். கமக்காரர் அமைப்பும் சனசமூக நிலையமும் மாதர் சங்கமும் சேர்ந்து நாளைக் குறிக்க வேண்டும். கிராம அலுவலருக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் முன்கூட்டியே அறிவித்தல் நன்று. வாய்க்கால் சென்ற வழியை அறிந்த முதியோர் ஒருவரேனும் உடன் வருதல் இன்றியமையாதது. நடக்க இயலாதவரை ஈருருளியிலோ முச்சக்கர வண்டியிலோ அழைத்துச் செல்லலாம். பெண்கள் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும். எந்தக் கிணற்று நீரில் பருப்பு அவியாது, எந்தக் கிணறு எம்மாதத்தில் உவர்க்கும் என்பவற்றை அவர்களே நன்கறிவர்.

மாணவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இயற்கையை வகுப்பறைக்கு வெளியே சென்று கற்கும் வழக்கம் குடாநாட்டுக்குப் புதிதன்று. தொண்டைமானாறு வெளிக்கள நிலையம், பிற்காலத்தில் அது நடத்தும் பரீட்சைகளாற் பெயர் பெற்றதாயினும், மாணவர் உயிரினங்களை அவை வாழும் இடத்திலேயே கண்டு கற்க வேண்டும் என்னும் எண்ணத்தில் தோன்றியதே என்பதை அதன் பெயரே உணர்த்தும்.

கொண்டுசெல்ல வேண்டியவை: ஊரின் காணிப்படம் இருந்தால் அதன் பிரதி, குறிப்புப் புத்தகம், ஓர் அடிக்கு ஒரு முடிச்சாக முடிச்சிட்டு நுனியிற் சிறு பாரம் கட்டிய கயிறு, மண்வெட்டி இரண்டு, சாக்குப்பை சில, கையுறை.

காண வேண்டியவை

வாய்க்கால்: எங்கு தொடங்குகின்றது, எத்தனை இடத்தில் அடைபட்டுள்ளது, ஒவ்வோர் அடைப்பும் மண்ணாலா, குப்பையாலா, கட்டடத்தாலா என்று குறித்தல் வேண்டும். மதகுகளின் இரு வாய்களையும் பார்த்தல் வேண்டும். வீதியின் ஒரு பக்கத்தில் திறந்திருக்கும் மதகு மறுபக்கத்தில் மூடியிருத்தல் வழமை.

குளம்: வரவு வாய்க்கால், வான் ஆகியவற்றின் நிலை, கரையில் உடைப்பு, குளத்தினுள் கொட்டிய பொருள்கள், ஆகாயத்தாமரை போன்ற களைகளின் பரவல் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். கரையில் நிற்கும் மருது, வேம்பு, பனை முதலிய மரங்களையும் எண்ணி எழுதலாம். அவற்றின் வேர்கள் கரையைப் பிடித்து நிற்கின்றன.

கிணறு: வழியில் உள்ள நான்கைந்து கிணறுகளைத் தெரிந்தெடுத்து, கிணற்றுக் கட்டின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரையுள்ள ஆழத்தை முடிச்சுக் கயிற்றினால் அளந்து திகதியுடன் எழுத வேண்டும். ஆண்டுதோறும் அதே கிணறுகளை அதே மாதத்தில் அளந்தால், ஐந்தாண்டுகளில் ஊரின் நீர்க்கணக்கு ஊரார் கையில் இருக்கும். உவரைப் பயிரும் காட்டும். உவர் ஏறும்போது வெங்காயமும் கரட்டும் முதலில் வாட்டம் காட்டும். பீற்றூட் ஓரளவு தாங்கும். வெங்காயத்தின் இலைநுனி கருகிய தோட்டம் எது என்பதைக் குறித்து வைத்து, அக்கிணற்று நீரைப் பரிசோதிப்பித்தல் வேண்டும்.

பசளை: உவர் மட்டுமே கிணற்றின் பகையன்று. சுண்ணக்கல் நிலம் மழைநீரை விரைவாக உள்வாங்குவது போலவே கரைந்த யூரியாவையும் உள்வாங்குகின்றது. பயிர் உண்ணாமல் எஞ்சியது நைத்திரேற்றாக மாறிக் கிணற்றை அடைகின்றது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. 1980கள் முதல் நடந்த ஆய்வுகள் பலவற்றில், தோட்டச் செய்கை செறிந்த பகுதிகளின் கிணறுகள் பலவும் இவ்வரையறையை மீறியிருந்தமை காணப்பட்டது. இத்தகைய நீரிற் கரைத்த பாலை உண்ணும் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனை ஏற்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கக்கூடும். நீரைக் கொதிக்கவைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே நடையின்போது கிணற்றுக்கு அருகில் உள்ள எருக்குவியல், மாட்டுக்கொட்டில், மலசலகூடக் குழி ஆகியவற்றின் தூரத்தையும் பார்த்தல் வேண்டும். பசளையைப் பரிந்துரைத்த அளவுக்கு மேற்படாமலும், ஒரே முறையில் இடாமற் பகுதி பகுதியாகவும், பெருமழைக்கு முன்னாள் இடாமலும் பயன்படுத்துதல் நன்று. பூவரசு, கிளிசரிடியா முதலியவற்றின் குழைகளைத் தாழ்க்கும் பழைய வழக்கத்தை மீண்டும் கைக்கொள்வோர் யூரியாச் செலவையும் குறைக்கலாம்.

வயலின் நண்பர்கள்: வேலிகளையும் குளக்கரைகளையும் நோக்கி நடக்கும்போது அங்கு வாழும் உயிர்களையும் கவனிக்க வேண்டும். கரிக்குருவி பறந்துகொண்டே பூச்சியைப் பிடிக்கும். செண்பகம் மயிர்க்கொட்டியையும் நத்தையையும் வெட்டுக்கிளியையும் தேடி உண்ணும். தவளையும் தும்பியும் நெற்பயிரின் பூச்சிகளை உண்பன. கூகை எனப்படும் வெண்முக ஆந்தையைச் சாக்குருவி என்று சிலர் வெறுத்து விரட்டுவர். உண்மையில் ஒரு சோடிக் கூகையும் குஞ்சுகளும் ஓராண்டில் நூற்றுக்கணக்கான எலிகளை உண்டு, நெற்களஞ்சியத்துக்குக் காவல் செய்கின்றன. வயலில் ஆங்காங்கே தடிகளை நாட்டினால் கரிக்குருவிகள் வந்தமரும். கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் அத்தடிகளை அகற்றிவிட வேண்டும். இல்லாவிடின் நெல் தின்னும் குருவிகளுக்கு அவை இருக்கையாகிவிடும்.

பார்த்தீனியக் களை

நடையின்போது வாய்க்கால் ஓரத்திலும் வெறுங்காணியிலும் பார்த்தீனியம் உள்ளதா என்று தேட வேண்டும். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இக்களை 1990களின் இறுதியில் இலங்கையில் இனங்காணப்பட்டது. கரட் இலையைப் போன்ற பிளவுபட்ட இலையும், சிறிய வெண்ணிறப் பூக்களும் உடையது. ஒரே செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். அவை காற்றாலும் வெள்ளத்தாலும் மாட்டெருவாலும் வாகனச் சக்கரத்தாலும் பரவுகின்றன. பயிர் விளைச்சலைக் குறைப்பதோடு தோல் அரிப்பையும் இழைப்பையும் உண்டாக்கும்.

இதனைத் தனியொருவர் ஒழிக்க இயலாது. ஒருவர் பிடுங்க, அயலவர் விட்டுவைத்தால் அடுத்த மழையில் மீண்டும் முளைக்கும். மண் ஈரமாக உள்ளபோது, பூக்குமுன், கையுறை அணிந்து, முகத்தை மறைத்து, வேரோடு பிடுங்க வேண்டும். பூத்த செடியைக் கூட்டெருக் குழியில் இடலாகாது. காய வைத்து எரித்தல் வேண்டும். இழைப்பு உடையவர்களும் சிறுவர்களும் இவ்வேலையில் ஈடுபடலாகாது.

தை மாதத்து நடையும் பறவைகளும்

தை மாதத்தில் வடதிசை நாடுகளிலிருந்து நீர்ப்பறவைகள் குடாநாட்டின் கடனீரேரிகளுக்கு வருகின்றன. நிலப்பகுதியோடு குடாநாடு இணையும் இடத்தில் உள்ள சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிற் சரணாலயமாகவும் 2015ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. பூநாரைகளும் பல்வகைத் தாராக்களும் அங்கு வந்து தங்கும். ஊர்க்குளங்களுக்கும் கொக்கு, நாரை, நீர்க்காகம், மீன்கொத்தி முதலியவை வரும்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்னும் முயற்சி 1987ஆம் ஆண்டு முதல் தை மாதந்தோறும் பல நாடுகளில் தொண்டர்களால் நடத்தப்பட்டு வருகின்றது. ஊர்க்குளத்திலும் மாணவர்கள் இவ்வாறே எண்ணி எழுதி வைக்கலாம். பறவையை எண்ணுவதாற் கமக்காரருக்கு என்ன பயன் என்று வினவலாம். தமிழ்நாட்டிற் செங்கல்பட்டுப் பகுதியில் உள்ள வேடந்தாங்கல் மக்கள் இதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்டனர். தம் ஏரி மரங்களிற் கூடுகட்டும் பறவைகளின் எச்சம் ஏரிநீரிற் கலந்து, அந்நீர் பாயும் வயல்களுக்குப் பசளையாவதை அவர்கள் அறிந்திருந்தனர். பறவைகளைச் சிலர் சுட்டு வேட்டையாடியபோது, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேய ஆட்சியாளரிடம் முறையிட்டு, வேட்டையைத் தடுக்கும் ஆணையைப் பெற்றனர். அவ்வேரி 2022ஆம் ஆண்டிற் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. பறவையைக் காத்தவர்கள் பொழுதுபோக்கினர் அல்லர், நெல் விதைத்தவர்கள்.

நடைக்குப் பின் செய்ய வேண்டியவை

நடந்து கலைந்துவிட்டால் பயனில்லை. அன்றே ஒரு மர நிழலிற் கூடி, கண்டவற்றை இரண்டு பட்டியல்களாக எழுத வேண்டும். ஊரார் கையாலேயே செய்யக்கூடியவை முதற் பட்டியல்: மதகில் உள்ள மண் அள்ளுதல், குப்பை அகற்றல், களை பிடுங்கல், கரையில் பனம்விதை நடுதல் என்பன. இவற்றுள் ஒன்றை அன்றே தொடங்கிவிட வேண்டும். சிறியதொரு மதகாயினும் அன்று திறக்கப்படுமாயின் அடுத்த நடைக்கு ஆட்கள் கூடுவர்.

அலுவலகங்களின் உதவி வேண்டியவை இரண்டாம் பட்டியல். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் சிறு குளங்கள், வாய்க்கால்கள், வயல் நிலங்கள் ஆகியவற்றைப் பாதுகாப்பதற்கும், கமக்காரர் அமைப்புகளைப் பதிவுசெய்வதற்கும் வழிவகுக்கின்றது. அனுமதியின்றி வயல் நிலத்தை நிரப்புவதும் அச்சட்டத்தாற் தடுக்கப்பட்டுள்ளது. வீதி மதகுக்குப் பிரதேச சபையையும், குளத்துக்கும் வாய்க்காலுக்கும் கமநல சேவை நிலையத்தையும், பசளை, களை பற்றிய ஆலோசனைக்கு விவசாயப் போதனாசிரியரையும் அணுகலாம். பலர் கண்டு ஒப்பமிட்ட குறிப்பும் கிணற்று ஆழக் கணக்கும் தனியொருவரின் முறைப்பாட்டிலும் வலியவை.

வாய்க்காலை மறித்தவரிடம் முதலிற் செல்ல வேண்டியவர் அதிகாரியல்லர்; ஊர்ப் பெரியவரே. மண்ணை முழுவதும் அகற்ற இயலாவிடின், பாத்தியின் கீழ்க் குழாய் பதித்து நீரைச் செல்லவிடும் இணக்கம் சில இடங்களிற் போதியதாகும்.

கவனிக்க வேண்டிய எச்சரிக்கைகள்

1. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலும், நெடுங்காலம் பயன்படாத பற்றைக் காணியிலும் நுழையலாகாது. ஐயத்துக்குரிய பொருளைக் கண்டால் தொடாமல் விலகிப் பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும்.

2. குளத்தை எவ்வளவு ஆழமாக்கினும் நன்று என்று எண்ணலாகாது. கரையோரக் குளங்களை அளவுக்கு மீறி வெட்டினால் உவர் மேலெழும். வண்டலை மட்டும் அகற்றி, அடித்தளத்தைக் குறித்துத் தகுந்த அலுவலரின் ஆலோசனையைப் பெற வேண்டும்.

3. வண்டலை வயலில் இடுமுன் கண்ணாடித் துண்டும் பொலித்தீனும் உவரும் இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும்.

4. பறவைக் கூடுகளையும் முட்டைகளையும் தொடலாகாது. பிறர் காணிக்குள் அவர் அனுமதியின்றிச் செல்லலாகாது.

5. ஆழ்கிணற்றருகே சிறுவர்களைத் தனியே விடலாகாது.

முடிவு

பங்குக் கிணற்றில் இறைப்பு முறையைத் தவறாது பேணி வந்த மக்கள் யாழ்ப்பாணக் கமக்காரர்கள். இன்று ஒருவர் முறை, நாளை மற்றவர் முறை என்று நீரைப் பகிர்ந்த ஒழுங்கு அவர்களுக்குப் புதிதன்று. நிலத்தின் கீழ் நோக்கினால் ஊர் முழுவதும் ஒரே பங்குக் கிணறு என்பதை உணர்ந்தால் போதும். இறைப்பதில் முறை இருந்தது போல நிரப்புவதிலும் முறை வேண்டும்.

வரும் புரட்டாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைத் தெரிந்தெடுத்து, ஊரில் வயது முதிர்ந்த கமக்காரர் ஒருவரை முன்னே நடக்கவிட்டு, முடிச்சுக் கயிற்றோடும் மண்வெட்டியோடும் மற்றவர்கள் பின்னே செல்வார்களாக. அன்று திறக்கும் ஒரு மதகு, அடுத்த சித்திரையிலும் வைகாசியிலும் பலருடைய கிணறுகளில் நன்னீராக நிற்கும்.